சவர்த் தண்ணி குடித்த வாகனம்

எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வற்றாப்பளையில் நந்திக்கடல் பக்கமாகக் கிடக்கிற வளவுகள் பலவற்றிலும் இதே கதைதான். மாரியில் மழை விழுந்து கிணறு நிரம்பினால் ஓரளவு வாயில் வைக்கலாம். பங்குனி கழிந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கினால் உவர்ப்பு ஏறிவிடும். கேத்திலின் உட்பக்கம் வெள்ளைப் பொருக்குக் கட்டும். அம்மா பழப்புளி கரைத்து ஊறவைத்து, பொச்சால் தேய்த்துக் கழற்றுவா. குடிதண்ணீரைத் தண்ணீரூற்றுப் பக்கத்து நல்ல கிணறுகளில் அள்ளிக் கானில் கொண்டுவருவோம். குளிப்பு, தோய்ப்பு, ஆடுமாடு, வாகனம் எல்லாவற்றுக்கும் வளவுக் கிணறு. வாகனத்தை அந்த வரிசையில் சேர்த்தது பற்றி 2013 வைகாசி வரைக்கும் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

அத்தானிடம் இருந்தது பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். 2எல் டீசல் என்ஜின். போர் முடிந்து மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து மீளக் குடியேறிய பிறகு, சீட்டுக் காசையும் அக்காவின் காப்புகளையும் சேர்த்து வவுனியாவில் வாங்கியது. 2012 கடைசியில் வடக்கில் இந்திய வீட்டுத்திட்ட வேலைகள் தொடங்கின. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக. வீட்டுக்காரரே நின்று கட்டவேண்டும். கட்டுகிற எல்லாருக்கும் மணல் வேண்டும், கல் வேண்டும், சீமெந்து வேண்டும். விடிந்தால் பொழுதுபட்டால் பிக்கப் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது.

அந்த வைகாசியில்தான் முன்சில்லுகளுக்கு நடுவே மண் நனைந்து கிடக்கத் தொடங்கியது. முதலில் உள்ளங்கையளவு ஈரம். பிறகு சுளகு அகலத்துக்கு. அத்தான் காலையில் வாளியோடு போய் றேடியேற்றரை நிரப்பிவிட்டு வாகனத்தை எடுப்பார். வரும்போது மறுபடி அரை வாளி குடிக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் பாரம் ஏற்றிப் போனால் வெப்பமானியின் ஊசி பாதியைத் தாண்டி மேலே ஏறுகிறது என்றார். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலும் நெருங்கிக்கொண்டிருந்தது. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரியத் தொடங்கினால் எங்கள் பகுதியில் வேறு பேச்சு இராது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். அந்த நாட்களில் பிக்கப் வைத்திருப்பவனுக்குக் கை ஓயாத வேலை. அதோடு அக்காவுக்கு ஒரு நேர்த்தியும் இருந்தது. முகாமில் இருந்த காலத்தில் வைத்தது. பானை, அரிசி, விறகு, பிள்ளைகள் எல்லாரையும் அந்த வாகனத்தில் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவதென்று அவ முடிவெடுத்திருந்தா.

குஞ்சியப்புவைக் கூப்பிட்டோம். அப்பாவின் கடைசித் தம்பி. சின்ன வயதிலேயே முள்ளியவளையில் கராஜ் ஒன்றில் வேலை பழகி, பிறகு அதையே தொழிலாகக் கொண்டவர். வந்ததும் மாமரத்துக்குக் கீழே வாகனத்தை விடச் சொன்னார்.

"நிப்பாட்டு. மூடியில கை வையாத. ஆறட்டும்."

தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, என்ஜின் கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் எழும்பினார். பழந்துணியால் பம்பைச் சுற்றித் துடைத்தார். அக்காவிடம் முகம் பார்க்கிற கண்ணாடி கேட்டு வாங்கி, பம்புக்குக் கீழே பிடித்துச் சரித்தார்.

"இஞ்ச பார் ராசா. தெரியுதோ?"

பம்பின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து துருநிறத்தில் ஒரு கோடு கீழே வழிந்து காய்ந்திருந்தது. கோட்டின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நின்றது. அது வார்ப்பில் விழுந்த பழுதென்றுதான் நான் நினைத்தேன். குஞ்சியப்பு விளங்கப்படுத்தினார். அது செய்தவன் வேண்டுமென்றே விட்ட துளை. பம்பின் தண்டு ஒரு பக்கம் தண்ணீருக்குள் சுற்றுகிறது. மறுபக்கம் பெயாரிங்கில் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டி வந்தால் அது பெயாரிங்குக்குள் போய்க் கிறீஸைக் கழுவிவிடும். பெயாரிங் இறுகினால் விசிறி ஆடி றேடியேற்றரையே வெட்டும். அப்படி நடக்காமல், தாண்டி வந்த தண்ணீர் வெளியே போவதற்கும், சீல் முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிவதற்கும்தான் அந்தத் துளை.

"ஒழுகுது எண்டு அந்த ஓட்டையை அடைச்சு விடுற ஆக்களும் இருக்கினம். அது சொல்லுறதைக் கேக்காமல் வாயைப் பொத்துற மாதிரி."

பிறகு விசிறியின் இரண்டு இலைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். உள்ளே கொஞ்சம் தளர்வு கேட்டது. "பெயாரிங்கும் போகுது. இதுக்கு மருந்தில்லை. மாத்த வேணும்."

அவர் வாயில் மாற்றவேண்டும் என்ற சொல் சும்மா வராது. 1990 தொடக்கம் 2002 இல் ஏ-9 பாதை திறக்கும் வரைக்கும் அரசின் பொருளாதாரத் தடைக்குள் வாகனம் ஓட்டிய தலைமுறை அது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உதிரிப்பாகம் எல்லாம் தடை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஹோஸ் வெடித்தால் சைக்கிள் ரியூப்பை நாடாவாகக் கிழித்துச் சுற்றுவார்கள். எரிபொருள் தாங்கி கசிந்தால் சவர்க்காரத்தை உருட்டி அப்புவார்கள். அந்தச் சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடாக இருந்த காலமும் உண்டு. றேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள். காயக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தவை அப்படி ஒட்டுப்போட்ட வாகனங்கள்தான். அந்தக் கைகளுக்கு இந்த மண் பட்ட கடனை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஆனால் குஞ்சியப்பு அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையடித்து நான் கேட்டதில்லை. மஞ்சள்தூள் பற்றி அத்தான் மெல்ல வாயெடுத்தபோது உடனேயே மறித்தார். "அது அண்டைக்கு அந்த ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்கு. மஞ்சள் ஓட்டையை மட்டும் அடைக்காது; றேடியேற்றரின்ர சின்னக் குழாயளையும் அடைக்கும். பிறகு சூடேறி ஹெட் போகும். பாகம் கிடைக்கிற காலத்தில அந்த வேலை செய்யிறது பாவம்."

அவருடைய சாவிப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 தை மாதத்தில் போர் நெருங்கி ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, தூக்கிக்கொண்டு போக ஏலாதென்று வளவின் மூலையில் கிடங்கு வெட்டி, உரப்பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனவர். மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முகாம் எல்லாம் கழிந்து திரும்பி வந்து தோண்டியபோது பெட்டி இருந்தது. தகரம் உக்கிப் போயிருந்தது. ரிங் ஸ்பனர்கள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டீசலில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, மண் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். பத்தாம் நம்பரும் பன்னிரண்டும் பதினான்கும் அந்த வேலைக்குப் போதும். ஸ்பனரின் முகத்தில் துரு தின்ற பொட்டுப்பொட்டான குழிகள் இன்னும் இருந்தன. போல்ற்றில் போட்டால் பிடி மட்டும் நழுவாது.

வேலை பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றியதோடு தொடங்கியது. றேடியேற்றரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரைப் பேசனில் பிடித்தோம். செங்கல் கரைத்த நிறம். குஞ்சியப்பு அதில் இரண்டு விரலைத் தோய்த்துத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோழிகள் வந்து வாய் வைக்காமல் பேசனை உடனே அப்புறப்படுத்தச் சொன்னார். இதில் கூலன்ற் ஒரு துளியும் இல்லை, ஆனால் பழக்கம் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். கூலன்ற் இனிப்பாக இருக்கும்; நாயும் பிள்ளையும் ருசி கண்டு குடிக்கும்; குடித்தால் சிறுநீரகம் போய் ஆளையே கொண்டுபோய்விடும். எதிலீன் கிளைக்கோல் என்ற அந்தப் பொருளின் பெயர் அவருக்குத் தெரியாது. அதன் குணம் முழுக்கத் தெரியும்.

விசிறியைப் பிடித்திருக்கிற நட்டுகளை, பெல்ற்றைத் தளர்த்துவதற்கு முன்பே இளக்கிவிடவேண்டும். பெல்ற் இறுக்கமாக இருக்கும்போதுதான் புல்லி சுற்றாமல் நிற்கும். முதலில் பெல்ற்றைக் கழற்றிவிட்டால் நட்டைத் திருகத் திருக விசிறியும் கூடவே சுற்றும். பிறகு ஒருவர் பிடிக்க ஒருவர் திருக என்று கை தோலுரியும். சின்ன விஷயம்தான். கராஜில் வேலை பழகினவனையும் பழகாதவனையும் இப்படியான இடங்களில்தான் பிரித்தறியலாம்.

பம்பைக் கழற்றத் தொடங்குமுன் ஒரு மட்டை கேட்டார். பிஸ்கற் பெட்டி மட்டையில் பம்பின் உருவத்தைக் கரிக்கட்டியால் கீறினார். கழற்றுகிற ஒவ்வொரு போல்ற்றையும் அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி நிறுத்தினார். போல்ற்றுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறு. நீளமானதைக் கட்டையான துளையில் போட்டு இறுக்கினால் அடிமுட்டி வார்ப்பு வெடிக்கும். கட்டையானதை நீளமான இடத்தில் போட்டால் இரண்டு புரிதான் பிடிக்கும், சூடேறும்போது புரி உரிந்துகொண்டு வரும்.

கீழ்ப்பக்கத்து போல்ற் ஒன்று அசையவில்லை. அத்தான் ஸ்பனரில் குழாயைக் கொழுவி ஒரு இழுவை இழுக்கப் பார்த்தார். குஞ்சியப்பு கையைப் பிடித்துக்கொண்டார். "உடைஞ்சால் துளைச்செடுக்க முல்லைத்தீவுக்குப் போக வேணும். பொறு." டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து துளித்துளியாக விட்டு, போல்ற்றின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். பலத்த அடியில்லை, கதவு தட்டுகிற அளவுதான். இரவு அப்படியே ஊறவிட்டோம். காலையில் மறுபடி தட்டி, முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை திருகினார், பிறகு இளக்குகிற பக்கம். கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு விட்டது.

பம்பு கையில் வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தண்ணீரைத் தள்ளுகிற சிறகுகளின் விளிம்பெல்லாம் கரைந்து, கறையான் தின்ற பலகையாகக் கிடந்தது. சிறகுக்கும் உடலுக்கும் இடையில் நன்றாக வெளி விட்டிருந்தது. சீலின் முகத்தில் வட்டம் வட்டமாகக் கீறல். அதன் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு. அம்மா கேத்திலில் சுரண்டுகிற அதே பொருக்கு. இப்படி ஒரு பம்பு ஒழுகாமல் இருந்திருந்தாலும் தண்ணீரைச் சரியாகத் தள்ளியிராது. பாரத்தில் ஊசி ஏறினதற்கு அதுவும் ஒரு காரணம்.

"எந்தக் கிணத்துத் தண்ணி விட்டனீங்கள்?" என்று அப்போதுதான் கேட்டார்.

அத்தான் வளவுக் கிணற்றைக் காட்டினார்.

சீல் என்பது இரண்டு வளையங்கள். ஒன்று கரியால் ஆனது, ஒன்று பீங்கான். ஒன்று நிற்க ஒன்று அதன்மேல் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம். அதுதான் அவற்றுக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் சூட்டில் படிந்து மணலாக அரைக்கும். உப்பு இருந்தால் இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும். தின்ற துரு மறுபடி சீலுக்குள்ளேயே வந்து அரைக்கும். ஒழுகுகிறதென்று நாங்கள் ஒவ்வொரு வாளியாக ஊற்ற ஊற்ற, புதுச் சுண்ணாம்பும் புது உப்பும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எங்கள் நாட்டில் பனி உறைவதில்லை, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் அநேகர். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் எங்களுக்குத்தான் கூடுதலாக வேண்டியவை. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 100 பாகையிலிருந்து 106 அளவுக்கு ஏறும். றேடியேற்றர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும்.

பழைய பம்பைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். "இதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில வைச்சுப் பாத்து வாங்கு. வாயால சொல்லி வாங்காத." ஜப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்து, கைமாறிக் கைமாறி வந்த வாகனங்களில் எந்த வருடத்து என்ஜினில் எந்த வருடத்துப் பாகம் பூட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாங்குளம் சந்தி வழியாக வவுனியாவுக்கு பஸ்ஸில் போனேன். முதல் கடையில் தந்த பம்பின் முகப்பு பழையதைவிடச் சற்று உயரமாக நின்றது. கடைக்காரர் அதெல்லாம் பரவாயில்லை, பூட்டலாம் என்றார். பூட்டியிருந்தால் புல்லி வரிசை தப்பி பெல்ற் ஓரம் தின்றிருக்கும். அடுத்த கடையில் துளைக்குத் துளை, உயரத்துக்கு உயரம் பொருந்தியது கிடைத்தது. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த சாமான், விலை கூட. பெல்ற்றுகளும் தேர்மோஸ்ராற்றும் இரண்டு போத்தல் கூலன்ற்றும் சேர்த்து வாங்கினேன்.

தேர்மோஸ்ராற் விஷயத்தில் அத்தானுக்கும் குஞ்சியப்புவுக்கும் சின்ன வாக்குவாதம். எங்கள் பகுதியில் அநேகம் பேர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ஓடுவார்கள், வெக்கை நாட்டுக்கு அது தேவையில்லையென்று. குஞ்சியப்பு விடவில்லை. என்ஜினுக்கும் தன் சூடு ஒன்று உண்டு. 80 பாகைக்கு மேலே வந்தால்தான் டீசல் சரியாக எரியும், எண்ணெய் இளகி ஓடும். ஒருநாளும் சூடேறாத என்ஜின் டீசலையும் தின்னும், தன்னையும் தின்னும் என்றார். நான் அவர் பக்கம்.

புதுப் பம்பின் பெட்டிக்குள் பக்கிங் வரவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தடித்த மட்டையைப் பம்பின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தார். உலோகத்தின் கூர் விளிம்பே கத்தரியாகி மட்டையை வெட்டியது. போல்ற் துளைகளையும் அதே தட்டில் திறந்தார். கொஞ்ச நேரத்தில் கடையில் வாங்கினதுபோல் ஒரு பக்கிங் கையில் இருந்தது. தடைக்கால வித்தைகளில் அவர் இன்றைக்கும் மனதார நம்புகிற ஒன்று இது. என்ஜின் பக்கத்து முகத்தில் ஒட்டியிருந்த பழைய பக்கிங்கைப் பிளேட்டால் சுரண்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியே தண்ணீர் வரும் என்று, பிளேட்டைச் சரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு சுரண்டினார். எனக்கு ஒரு மூலையைத் தந்துவிட்டு நான் முடிக்கும் வரை கண்ணெடுக்கவில்லை.

பூட்டுவதற்கு முன் உள்ளே முழுவதையும் கழுவினோம். தண்ணீரூற்றிலிருந்து அள்ளிய நல்ல தண்ணீரைக் கான் கானாக மேலே ஊற்றி, கீழே நிறமில்லாமல் வரும்வரைக்கும். குடிக்கிற தண்ணியை நிலத்தில் ஓட விடுகிறீர்களே என்று அம்மா மனம் பொறுக்காமல் நின்றா. பிறகு மட்டையிலிருந்து போல்ற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பெல்ற்றின் நடுவைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். கூலன்ற்றும் நல்ல தண்ணீரும் கலந்து மெதுவாக ஊற்றினோம். மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது, மட்டம் இறங்கியது, மறுபடி ஊற்றினோம். தேர்மோஸ்ராற் திறந்து ஹோஸ் திடீரென்று சூடாகிய கணத்தில் என் கையை இழுத்து அதன்மேல் வைத்தார். "இப்பதான் தண்ணி சுத்துது."

பொங்கலுக்குப் போனோம். பானையும் விறகும் பிள்ளைகளும் அக்காவும். கோயில் வீதியில் சனத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து, நின்று நின்று போகவேண்டியிருந்தது. சூடேறுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அத்தான் வீதியைப் பார்த்ததைவிட ஊசியைப் பார்த்ததே கூட. அது நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. இறங்கியபோது, கடல்நீர் விளக்கு எரிகிற அம்மன் ஊரில் உப்புத் தண்ணீர் எங்கள் பம்பைத் தின்றுவிட்டதே என்று நான் குஞ்சியப்புவிடம் சொன்னேன். அவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "உப்புத் தண்ணியில விளக்கெரிக்கிறது அம்மாளாச்சியின்ர வேலை. என்ஜினுக்கு நல்ல தண்ணி தேடுறது எங்கட வேலை."

அந்த மாரியில் அக்காவின் வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்திருந்தது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பீலி வைத்துப் பரலில் பிடித்து, துணியால் வாய் கட்டி வைத்தோம். சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. கூலன்ற்றோடு கலக்க அதைவிடத் திறமான தண்ணீர் எங்கள் ஊரில் கிடையாது. செய்தி பரவி, உழவு மெஷின்காரரும் லான்ட்மாஸ்ரர்காரரும் போத்தலோடு வரத் தொடங்கினார்கள். குஞ்சியப்பு யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் ஊற்றிக் கொடுக்குமுன் அவர்களுடைய றேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். விரல் சிவப்பாக வந்தால், முதலில் கழுவிப்போட்டு வா என்று திருப்பி அனுப்புவார். கழுவத் தெரியாதென்றால் தானே சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போவார்.